அலை கொண்டுபோன அனுமதிப்பத்திரம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய கரையோர ஊர்களுள் கடல் புகுந்தது. இலங்கையில் அன்று மாண்ட 30,000க்கும் மேற்பட்டோருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் அம்பாறை மாவட்டத்தினர். பிழைத்தோர் பலருக்கு உடுத்த துணியே மிஞ்சியது. பெட்டியிற் கிடந்த பத்திரங்களும் அலையோடு போயின.

வாகனம் ஓட்டிப் பிழைப்பவனுக்குச் சாரதி அனுமதிப்பத்திரமே சோறு. அஃது அழிந்தால் அவனது உரிமையும் அழிந்துவிடுமோ? அழியாது. உரிமையின் மூலம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் இருக்கிறது. கையிலிருந்தது அதற்குச் சான்று மட்டுமே. தான் இன்னாரென்று நிறுவுவோருக்கு இணைப்பிரதி கிடைக்கும். ஆனால், அதனை நிறுவவேண்டிய அடையாள அட்டையும் அதே பெட்டியில் இருந்திருந்தால்?

அதற்கும் வழியுண்டு. முதலில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறவேண்டும். அடுத்து, பிறப்புப் பதிவேடு அரசின் காவலில் இருப்பதால், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அதைக்கொண்டு, கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய விண்ணப்பத்தின்பேரில், ஆட்பதிவுத் திணைக்களம் அடையாள அட்டை வழங்கும். சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்பது அதன் பின்னரே. படிமுறை மாறினால் அலைச்சலே மிஞ்சும்.

பதிவேட்டைத் தேடுவோருக்கு இலக்கமே திறவுகோல். ஆதலால், கரையோரத்தில் வாழ்வோர் தம் பத்திரங்களின் படப்பிரதிகளைச் சம்மாந்துறை போன்ற உட்பகுதி ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்திருத்தல் நன்று. கடல் மீண்டும் சீறினும் அவ்விலக்கம் நனையாதிருக்கும்.