பீரோவைத் திறந்தாலே ஈர வாடையா? மார்கழிக் குளிருக்கு வீட்டிலேயே நறுமணம் தயாரிப்பது எப்படி?

காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் பீரோவைத் திறக்கிறோம். துவைத்து அயர்ன் பண்ணி வைத்த சட்டையிலேயே ஒரு ஈர வாடை! வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து மார்கழி முடியும்வரை சென்னை ஃபிளாட்களில் இது வழக்கமான பிரச்னை. உடனே ரூம் ஸ்ப்ரே அடிப்போம், இல்லையென்றால் கப் சாம்பிராணி ஏற்றுவோம். ஆனால் கிச்சனில் இருக்கும் பொருட்களை வைத்தே, புகை இல்லாமல் வீட்டை மணக்க வைக்கலாம். எப்படி என்று பார்க்கலாம் வாங்க.

முதலில், அந்த வாடை எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் பூஞ்சைதான் காரணம். ஈரமான சுவர், காயாத துணி, காற்றே போகாத அலமாரி ஆகியவற்றில் பூஞ்சை வளரும்போது வெளியிடும் வேதிப்பொருட்களைத்தான் நம் மூக்கு ஈர வாடையாக உணர்கிறது. அதன் மேல் எவ்வளவு வாசனை சேர்த்தாலும் பூஞ்சை அப்படியேதான் இருக்கும். அதனால் கறுப்புத் திட்டு தெரிந்தால் முதலில் துடைத்து, காற்றோட்டம் விடுங்கள். நறுமணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பீரோவுக்கு ஒரு சிம்பிள் வழி: ஒரு கிண்ணத்தில் கல் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும். மழை நாட்களில் நம்ம ஊரில் அந்த அளவு சர்வசாதாரணம். உப்பு நீர்த்துப்போனால் மாற்றிவிடுங்கள்.

சாம்பிராணியில் என்ன பிரச்னை?

மணத்தில் ஒரு குறையும் இல்லை. புகைதான் சிக்கல். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி என எதை எரித்தாலும் பி.எம் 2.5 எனப்படும் நுண்துகள்கள் வரும். இவை நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியவை. 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இவை இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். குளிர் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் புகை போட்டால், அது வெளியே போக வழியே இல்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் பாதிப்பு அவர்களுக்குத்தான் முதலில்.

பூஜைக்குச் சாம்பிராணி கட்டாயம் வேண்டும் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள். கரி நெருப்பை மட்டும் மூடிய அறையில் வைக்கவே வேணாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, உயிருக்கும் ஆபத்து.

1. ஆரஞ்சு – பட்டை கொதிநீர்

* ஒரு ஆரஞ்சின் தோல் (நன்றாகக் கழுவியது)
* பட்டை 2 துண்டு, கிராம்பு 5
* தட்டிய ஏலக்காய் 3
* தண்ணீர் 1 லிட்டர்

எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு, கொதி வந்ததும் அடுப்பை சிம்மில் வைத்து 20 நிமிடம் விடுங்கள். மூடி வேண்டாம். ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன், பட்டையின் சினமால்டிஹைடு, கிராம்பின் யூஜினால் எல்லாம் ஆவியோடு சேர்ந்து ஹால்வரை பரவும். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் ஒருமுறை சூடாக்கலாம். அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்துவிடாதீர்கள். தண்ணீர் வற்றினால் பாத்திரம் கருகிவிடும்.

ஒரு விஷயம்: இது ஆவி, அதாவது ஈரம். சுவரே ஓதம் காத்து நிற்கும் அடைமழை நாளில் இதைச் செய்தால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். மழை விட்ட, குளிர்ந்த மார்கழி மாலைகளுக்கு இது சரி. அடைமழை நாளுக்கு அடுத்தது.

2. வெட்டிவேர் முடிச்சு

பழைய காட்டன் துணியில் ஒரு கைப்பிடி வெட்டிவேர், 10 கிராம்பு, உடைத்த பட்டை ஒரு துண்டு, மொறுமொறுவெனக் காய்ந்த ஆரஞ்சுத் தோல். முடிச்சுப் போட்டு பீரோவில் வையுங்கள். அவ்ளோதான்! மணம் குறைந்தால் கையால் லேசாகக் கசக்கினால் போதும். தோல் சரியாகக் காயவில்லை என்றால் அதிலேயே பூஞ்சை பிடிக்கும். வெயில் இல்லாத நாளில், சூடு குறைந்த தவாவில் வைத்துக் காயவையுங்கள்.

ஐரோப்பாவில் முழு ஆரஞ்சில் கிராம்பைக் குத்தி, காயவைத்துத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. ரீல்ஸில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நம் கடலோர ஈரக்காற்றில் அது காய்வதற்கு முன்பே அழுகிவிட வாய்ப்பு அதிகம்.

யார் கவனமாக இருக்கணும்?

* குழந்தைகள்: கற்பூரத்தை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம். அந்துருண்டையில் நாப்தலீன் இருந்தால், ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களை அது சிதைக்கும். பச்சிளங்குழந்தையின் துணியோடு அந்துருண்டை வேண்டவே வேண்டாம்.
* பூனைகள்: கிராம்பு எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் போன்றவற்றைப் பூனையின் கல்லீரலால் சரியாகச் சிதைக்க முடியாது. பூனை வளர்ப்பவர்கள் டிஃப்யூசரைத் தவிர்ப்பது நல்லது.
* ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள்: இயற்கையான மணமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் நாள் கொஞ்சமாக, ஜன்னலைத் திறந்து வைத்து முயன்று பாருங்கள்.

இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமா?

சில நிமிடங்களிலேயே மூக்கு அந்த வாசனைக்குப் பழகிவிடும். மணமே வரவில்லை என்று நினைத்து இன்னும் நாலு கிராம்பு போடத் தோன்றும். வேணாம். ஒரு நிமிடம் பால்கனிக்குப் போய்விட்டு உள்ளே வாருங்கள். அப்போது தெரிந்தால், போட்டதே போதும்.

இப்போது ஆரஞ்சு சீசன்தான். அடுத்த முறை உரிக்கும்போது தோலைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள்!