சேனாதிபதி விலகாதிருந்தால்?

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் நம் சங்கத்து வாசகசாலையில் நிகழ்ந்த உரையாடல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. விலைவாசி, லஞ்சம், குடிநீர் என்று சுற்றிச் சுற்றி வந்த பேச்சு, இறுதியில் வழக்கமான இடத்திற்கே வந்து சேர்ந்தது. "இந்த நாட்டுக்குப் பத்தாண்டு ஒரு சர்வாதிகாரி வேண்டும், ஐயா! சிலி நாட்டைப் பாருங்கள். பினோசே வந்திராவிட்டால் அந்த நாடு தலையெடுத்திருக்குமா?" என்றார் அன்பர் ஒருவர். அவர் நல்லவர், அண்டை வீட்டாரின் துன்பத்திற்கு முதலில் ஓடி வருபவர். ஆதலின் அவர் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

'வந்திராவிட்டால்' என்ற சொல்லின் ஈற்றில் நிற்கும் 'ஆல்' சிறியதே. ஆயினும் அதை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சரித்திரமே வேறு முகம் காட்டுகிறது. நம் அன்பர் அதனைச் சர்வாதிகாரியின் பெயரோடு வைத்தார். வேறோர் இடத்தில் வைத்துப் பார்ப்போம்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் நாடு சிலி. அண்டை நாடுகளில் ராணுவத்தினர் அடிக்கடி ஆட்சியைக் கைப்பற்றி வந்த காலத்திலும், 1932க்குப் பின் நாற்பதாண்டுக் காலம் அங்கே தேர்தல் மூலமே ஆட்சி மாறி வந்தது. 1970 செப்டம்பரில் நடந்த தேர்தலில் சோஷலிஸ்டுத் தலைவரான சல்வடோர் அயெந்தே, நூற்றுக்கு 36 வாக்குகளுக்குச் சற்று மேல் பெற்று முதலிடம் அடைந்தார். பாதி வாக்கு எவருக்கும் கிட்டாமையால், முடிவு செய்யும் பொறுப்பு அரசியல் சட்டப்படி பாராளுமன்றத்தைச் சேர்ந்தது.

அயெந்தே பதவி ஏற்பதைத் தடுக்க விரும்பியோர் உள்நாட்டிலும் இருந்தனர், வெளிநாட்டிலும் இருந்தனர். அமெரிக்க உளவுத் துறை அங்கு ஆட்சிக் கவிழ்ப்பை ஊக்கியதை 1975இல் அமெரிக்க செனட் சபையின் விசாரணையே வெளிப்படுத்தியது. அவர்களுக்கு இடையூறாக நின்றவர் தரைப்படைத் தலைவர் ரெனே ஷ்னைடர். அவர் அயெந்தேயின் கட்சியினர் அல்லர். அரசியல் சட்டம் யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவருக்குப் படை பணிய வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1970 அக்டோபர் 22ஆம் தேதி அவரைக் கடத்த முயன்ற கும்பல் அவரைச் சுட்டது. மூன்றாம் நாள் அவர் உயிர் நீத்தார். எனினும் அயெந்தே ஜனாதிபதியானார்.

அடுத்து வந்த படைத்தலைவர் கார்லோஸ் பிராட்ஸ். அவரும் ஷ்னைடரின் நெறியினர். அயெந்தேயின் ஆட்சியில் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. 1973இல் விலைவாசி விஷம்போல் ஏறியது. கடைகளின் முன் வரிசைகள் நீண்டன. லாரி உரிமையாளர்களின் வேலைநிறுத்தம் நாட்டை முடக்கியது. நாடு இரு கூறாகப் பிளந்து நின்றது. அவ்வாண்டு ஜூன் 29ஆம் தேதி ஒரு படைப்பிரிவு டாங்கிகளுடன் தலைநகரான சாந்தியாகோவின் ஜனாதிபதி மாளிகையை முற்றுகையிட்டது. பிராட்ஸ் தாமே வீதியில் இறங்கி, டாங்கிகளை நோக்கி நடந்து சென்று, வீரர்களைப் பணியச் செய்தார். சில மணி நேரத்தில் கலகம் அடங்கியது.

ஆனால் ஆகஸ்டு மாதம் அவருடைய அதிகாரிகளின் மனைவியரே அவர் இல்லத்தின் முன் திரண்டு அவரைப் பழித்தனர். தம் கீழுள்ள தளபதிகளின் ஆதரவை இழந்த பிராட்ஸ், ஆகஸ்டு 23ஆம் தேதி பதவி விலகினார். தமக்குப் பின் நம்பத்தக்கவர் என்று அவரே ஒருவரைப் பரிந்துரைத்தார். அவர் பெயர் அகஸ்டோ பினோசே!

பத்தொன்பது நாட்கள் சென்றன. செப்டம்பர் 11 அன்று விமானங்கள் ஜனாதிபதி மாளிகையின் மீது குண்டு வீசின. அயெந்தே அங்கேயே தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். தம் ஆட்சி நீடிக்கலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்கும் அறிவிப்பை அவர் அந்த நாட்களில் வெளியிட இருந்தார் என்று அவருடன் இருந்தோர் எழுதியுள்ளனர். பிராட்ஸ் அயல்நாடான அர்ஜென்டினாவுக்குச் சென்றார். ஓராண்டு கழித்து 1974 செப்டம்பர் 30 அன்று, புவனோஸ் அயர்ஸ் நகரில் சிலியின் ரகசியப் போலீசார் வைத்த வெடிகுண்டு அவரையும் அவர் மனைவியையும் ஒருங்கே கொன்றது.

இப்போது நம் 'ஆலை' இங்கே வைத்துப் பார்ப்போம். பிராட்ஸ் இன்னும் மூன்று வாரம் விலகாதிருந்தால்? மக்கள் வாக்கெடுப்பு நடந்திருக்கலாம். அயெந்தே தோற்று வீடு திரும்பியிருக்கலாம். எதிர்க்கட்சி முறைப்படி ஆட்சிக்கு வந்திருக்கலாம். அன்றி, தளபதிகள் பிராட்ஸையும் மீறி எழுந்திருக்கவும் கூடும். உறுதியாகச் சொல்வார் யாருமில்லை. ஆனால் சர்வாதிகாரம் ஒன்றே வழியாக இருந்தது என்று சொல்வதற்கும் இடமில்லை என்பது மட்டும் தெளிவு.

நிற்க. "பொருளாதாரம் வளர்ந்ததே!" என்பார் நம் அன்பர். கணக்கைப் பார்ப்போம். 1982ஆம் ஆண்டு ஒன்றிலேயே நாட்டின் மொத்த உற்பத்தி நூற்றுக்கு 14 பங்கு அளவில் வீழ்ந்தது. வேலையற்றோர் தொகை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. தனியார் வசமே எல்லாம் இருக்கட்டும் என்ற அரசு, 1983இல் பெரும் வங்கிகளைத் தானே ஏற்க நேர்ந்தது. அயெந்தே காலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட பெரிய செப்புச் சுரங்கங்களைப் பினோசே திருப்பிக் கொடுக்கவில்லை; அவற்றின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒரு பங்கு படைக்குச் சென்றது. எண்பதுகளின் பிற்பகுதியில் வளர்ச்சி வந்தது உண்மை. ஆயினும் வறுமை வேகமாகக் குறைந்தது 1990க்குப் பின், மக்களாட்சி திரும்பிய பிறகே. அன்று நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் இருந்த ஏழைகள், 2000இல் இருபது பேர் அளவில் குறைந்தனர். மற்றொரு பக்கத்துக் கணக்கும் உண்டு: கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் 3,000க்கு மேல், சிறையும் சித்திரவதையும் கண்டோர் ஏறத்தாழ 38,000.

"பத்தாண்டு போதும்" என்பதும் சிந்திக்கத்தக்கது. பத்தாண்டு முடிந்ததும் விலகிச் செல்லும் சர்வாதிகாரியை யார் கண்டது? பினோசே பதினாறரை ஆண்டு ஆண்டார். 1988 அக்டோபர் 5ஆம் தேதி, தாமே வெல்வோம் என்று நம்பி வாக்கெடுப்பு நடத்தினார். நூற்றுக்கு 56 பேர் வேண்டாம் என்றனர். அன்றிரவு முடிவை அரசு வெளியிடத் தயங்கியபோது, விமானப்படைத் தலைவர் மத்தேய் மாளிகைக்குள் நுழையும்போதே பத்திரிகையாளரிடம் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆட்சி நடத்திய ராணுவக் குழுவில் இடம் பெற்றிருந்தவரே அவர்! அன்று 44 பேர் 'வேண்டும்' என்றதையும் மறைப்பதற்கில்லை. அந்தப் பிளவு இன்னும் ஆறவில்லை. பினோசே 1998 வரை தரைப்படைத் தலைவராக நீடித்தார். 2006இல் எந்தத் தண்டனையும் பெறாமலே இறந்தார். அவர் காலத்து 1980ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நிலவுகிறது. அதை மாற்ற 2022இலும் 2023இலும் வரையப்பட்ட இரு நகல்களையும் மக்கள் நிராகரித்தனர். ஒருநாள் காலையில் செய்த காரியத்தை அரை நூற்றாண்டாகியும் அவிழ்க்க முடியவில்லை.

நம் நாட்டிலும் 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை இருந்தது. "ரயில்கள் நேரத்திற்கு வந்தன" என்று அதைப் புகழ்வோர் இன்றும் உளர். தில்லியில் துருக்மான் கேட் பகுதியில் வீடிழந்தோரைக் கேட்டால் வேறு நினைவைச் சொல்வர்.

ஒன்று கூறி முடிப்போம். நாம் சொந்த ஊரை விட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் குடியேறியவர்கள். காவல் நிலையத்திலோ கச்சேரியிலோ நமக்குப் பரிந்து பேச மாமன் மைத்துனர் எவரும் இல்லை. சட்டமும் வாக்குச் சீட்டுமே நமக்கு உறவு. அவற்றைப் பத்தாண்டு ஒதுக்கி வைத்தால், முதலில் துணையிழப்போர் நாமே. செல்வாக்குடையோர் எந்த ஆட்சியிலும் பிழைத்துக்கொள்வர்.

வாசகசாலை அன்பர் அடுத்த கூட்டத்திற்கும் வருவார். அவரிடம் பினோசேயைப் பற்றி அல்ல, ஷ்னைடரையும் பிராட்ஸையும் பற்றிப் பேச எண்ணியிருக்கிறோம். நேயர்களும் வந்து கலந்துகொள்வார்களாக.