இரவுப் பாதையில் இரு சக்கரங்கள்

பதுளைப் பட்டணத்தில் கடைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் நேரம். பசறைப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸும் புறப்பட்டுப் போய்விட்டது. தெருமுனையில் ஓர் இளைஞன் தன் மோட்டார் சைக்கிளைக் கிளப்ப ஆயத்தமாகிறான். பின்னாசனத்தில் கயிற்றால் கட்டிய மாவு மூட்டை. சட்டைப் பையில் தாயாருக்கு வாங்கிய மாத்திரைகள். கைப்பிடியில் தங்கைக்கென வாங்கிய பயிற்சிக் கொப்பிகள். மலையின் மேலே, விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும் ஏதோ ஒரு லயத்தில், அவனுக்காகச் சோறு மூடிவைக்கப்பட்டிருக்கிறது. இடையில் இருப்பது இருளும் வளைவுகளுமே.

ஊவாவின் தோட்டங்களில் இக்காட்சி இன்று சர்வ சாதாரணமானது. இவ்விரவுப் பயணத்தில் இன்பம் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் அறிந்தவன் என்ற உரிமையில் நேயர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

துரைமாரின் வண்டி

பெற்றோலினால் ஓடும் இருசக்கர வண்டியை ஜெர்மனியின் டைம்லர் 1885 ஆம் ஆண்டிலே செய்து முடித்தார். மரச்சட்டத்தில் இயந்திரத்தைப் பொருத்திய அந்த விநோத வண்டியின் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் நம் மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தன. குதிரையில் மலையேறிய தோட்டத் துரைமார் மோட்டார் சைக்கிளுக்கு மாறினர். மலைமுடக்கில் அதன் ஓசை எழுந்ததுமே கொழுந்து பறிப்போர் நிமிர்ந்து பார்ப்பதும், கங்காணியின் குரல் உயர்வதும் வழக்கம் என்று பெரியவர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். அக்காலத்தில் அவ்வோசை அதிகாரத்தின் ஓசை. இன்றோ லயத்துக்கு லயம் ஒரு வண்டியாவது நிற்கிறது. அதிகாரத்தின் வாகனம் உழைப்பாளியின் வாகனமாக மாறியது காலத்தின் நல்ல விளையாட்டுகளுள் ஒன்று அல்லவா?

வண்டிக்கு முன்னே பாதை வந்தது. இப்பகுதியின் ஆதிப் பாதைகள் பலவற்றை அமைத்தவர் எனப் பேசப்படுபவர், பதுளையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்படும் இம்மனிதர் 1845 ஆம் ஆண்டில் ஹப்புத்தளைக் கணவாயில் இடி விழுந்து மாண்டார். யானைகளால் வெல்லப்படாதவரை மலை ஒரு மின்னலில் வென்றுவிட்டது. பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்ததே. மலைப்பாதையில் செல்வோர் மனிதத் திறமையை அளவுக்கு மிஞ்சி நம்பலாகாது என்பதற்கு அக்கட்டடமும் ஒரு சாட்சி.

இருளின் இன்பம்

முதலில் இன்பத்தைச் சொல்லுவோம். பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹாலி-எல, தெமோதரை வழியாக ஏறிப் பண்டாரவளையை அடையும்போது 1,200 மீற்றரைத் தாண்டிவிடுகிறோம். ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே. பஸ்ஸின் கண்ணாடிக்குள் அடைபட்டுப் போகிறவனுக்கு இது வெறும் ஏற்றம். மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கோ ஒவ்வொரு மைலும் ஒவ்வொரு காற்று. ஓடையைக் கடக்கும் தாழ்விடத்தில் குளிர் முழங்காலைத் தொடும். அடுத்த திருப்பத்தில் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பாறையின் இளஞ்சூடு முகத்தில் படும்.

மணத்தையும் சொல்ல வேண்டும். பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் தொழிற்சாலையின் வாட்டும் தட்டுகளில் கிடந்து ஈரம் இழக்கும். பிறகு இயந்திரத்தில் உருட்டப்பட்டு, காற்றுப்பட்டுச் செந்நிறமாக மாறும். நாடு உறங்கும் வேளையில் தேயிலைத் தொழிற்சாலை விழித்திருக்கிறது. அதன் அருகே வண்டியை ஓட்டிச் செல்லும்போது எழும் பசுமையும் இனிமையும் கலந்த வாசனை, கோப்பையில் ஊற்றிய எந்தத் தேநீரிலும் கிடைக்காது.

நிலாக் காலமாயின் பசறைப் பாதையிலிருந்து பார்க்க வேண்டும். இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்த நமுனுகுலை மலை கருமேகம் உறைந்தாற்போல் வானத்தை மறைத்து நிற்கும். ஹப்புத்தளையின் தென் விளிம்பில் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தால், கீழே தாழ்நிலத்து விளக்குகள் தரையில் சிந்திய நட்சத்திரங்களாகத் தோன்றும். அந்த மௌனத்துக்காகவே இன்னொரு முறை இவ்வழி வரலாம்.

கண்ணும் விளக்கும்

இனி ஆபத்தைப் பேசுவோம். மாணவர்கள் இவ்விடத்தில் சிறிது கணக்குப் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவன் வினாடிக்கு ஏறக்குறைய 11 மீற்றர் கடக்கிறான். பாதையில் ஒரு தடையைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை பிரேக்கை இறுக்குவதற்கு ஒன்றரை வினாடி என்று கொள்வோம். அதற்குள் 17 மீற்றர் போய்விடும். ஈரத் தரையில் வண்டி நிற்க மேலும் 12 மீற்றர் வேண்டும். ஆகமொத்தம் 29 மீற்றர். வேகத்தை 60 ஆக்கினால், அதே கணக்கின்படி 25 மீற்றரும் 28 மீற்றரும் சேர்ந்து 53 மீற்றர் ஆகிறது. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடிற்று. நிற்கும் தூரமோ இரு மடங்கை நெருங்கிவிட்டது. இறக்கமாயின் இதற்கும் மேலே.

தாழ்த்திய முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டுவது முப்பது, நாற்பது மீற்றர் அளவே. அப்படியானால் 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவன், தான் இன்னும் காணாத இடத்திலேதான் நிற்க முடியும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுபவனுக்கும் அவனுக்கும் என்ன வேற்றுமை?

வளைவில் இன்னொரு சங்கடம். விளக்கு வண்டி நோக்கும் திசையில் ஒளி வீசுமேயன்றிப் பாதை திரும்பும் திசையில் வீசாது. வண்டி சாயும்போது ஒளியும் சாய்கிறது. ஆதலால் நாம் போகவேண்டிய இடம் இருட்டிலும், போகக்கூடாத பள்ளம் வெளிச்சத்திலும் இருக்கும். எதிரே வரும் லொறியின் விளக்கு கண்ணில் பட்டுவிட்டால் சில வினாடிகள் ஒன்றுமே தெரியாது. மூன்று வினாடி என்றாலும் 40 கிலோமீற்றர் வேகத்தில் அது 33 மீற்றர் குருட்டுப் பயணம். அவ்வேளையில் வேகத்தைக் குறைத்து, எதிர் விளக்கைப் பாராமல், பாதையின் இடது ஓரத்தின்மீது பார்வையை வைப்பதே தக்க உபாயம்.

விலங்குகளும் இரவின் பிரயாணிகளே. நாய், மாடு, சிறுத்தை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. ஆகவே அவற்றின் கண்கள் தொலைவிலேயே மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். காட்டுப்பன்றிக்கு அப்படலம் இல்லை. தேயிலை அடியிலிருந்து அது புறப்படும்போது, மின்னும் கண்ணை எதிர்பார்த்திருப்பவன் ஏமாந்து போவான்.

பனியில் ஒரு பாடம்

ஹப்புத்தளைப் பக்கத்து மூடுபனியில் நான் பட்ட அவமானத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் இரவு பண்டாரவளை நோக்கி வந்துகொண்டிருந்தேன். பனி இறங்கிற்று. விளக்கை உயர்த்தினேன். பனித்துளிகள் ஒளியை என் கண்ணுக்கே திருப்பியனுப்ப, எதிரில் வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்தது. தாழ்த்தினால் சற்றே தெரிந்தது. அப்போது முன்னே ஒரு லொறியின் சிவப்பு விளக்கு தென்பட்டது. ‘வழிகாட்டி கிடைத்தான்’ என மகிழ்ந்து அதையே தொடர்ந்தேன். லொறி திரும்பினால் திரும்பினேன், ஏறினால் ஏறினேன். இறுதியில் அது நின்றது, நானும் நின்றேன். பார்த்தால் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் முற்றம்! காவற்காரர் டோர்ச் விளக்கை என் முகத்தில் அடித்து, “என்னா தம்பி, இந்த நேரத்துல கொழுந்து நிறுக்கவா வந்தீங்க?” என்றார்.

அவர் தந்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே சிரித்தேன். பிறகு சிரிப்பு அடங்கிற்று. அந்த லொறி ஒரு வளைவைத் தவறவிட்டிருந்தால், நானும் அதே நம்பிக்கையோடு பின்னாலேயே பள்ளத்தில் இறங்கியிருப்பேன் அன்றோ?

மலை சொல்லும் எச்சரிக்கை

எல்ல–வெல்லவாய பாதை நாட்டின் அழகிய பாதைகளுள் ஒன்று. இராவணன் எல்ல நீர்வீழ்ச்சி அப்பாதையின் ஓரத்திலேயே விழுகிறது. அதே பாதையில் 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு, சுற்றுலா வந்து திரும்பிய தங்காலை நகரசபையினரின் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் உயிரிழந்தனர். பெரிய வாகனத்துக்கே இக்கதியாயின் இரு சக்கரங்களுக்கு என்ன காவல்?

மண்சரிவு மற்றோர் அபாயம். கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 ஆம் திகதி லயங்களையே மலை மூடிவிட்டதை யார் மறப்பர்? 2025 நவம்பரில் வீசிய டிட்வா புயலும் பதுளை மாவட்டத்தின் மலைகளையும் பாதைகளையும் குலைத்துச் சென்றது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த இரவில், அவசரமில்லாப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை.

குளிரும் சும்மா இராது. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பம் ஆறு பாகைக்குமேல் குறையும் என்பர். பதுளையிலிருந்து ஹப்புத்தளை ஏறுபவன் நான்கைந்து பாகையை இழக்கிறான். எதிர்காற்றில் அது இன்னும் கூடுதலாகவே தோன்றும். விறைத்த விரல் பிரேக்கைத் தாமதமாகவே பிடிக்கும். கையுறை ஆடம்பரமன்று.

தலைக்கவசத்தைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்றவர் 1935 மே மாதத்தில் சைக்கிளில் சென்ற இரு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து, சில நாட்களில் இறந்தார். அவர் தலையில் கவசம் இல்லை. அவருக்குச் சிகிச்சையளித்தவர்களுள் ஒருவரான டாக்டர் ஹியூ கெயின்ஸ் அச்சம்பவத்தை மறக்கவில்லை. இராணுவச் செய்தி கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் விபத்துகளை ஆராய்ந்து 1941 ஆம் ஆண்டில் கட்டுரை எழுதினார். இன்று உலகெங்கும் தலைக்கவசம் அணிவதற்கு வழிகோலியவற்றுள் அவ்வாராய்ச்சியும் ஒன்று. நம் நாட்டிலும் ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் அதை அணிய வேண்டும் என்பது சட்டம். கைப்பிடியில் மாட்டித் தொங்கவிட்டு, பொலிசாரைக் கண்டதும் தலைக்கேற்றுவோர் யாரை ஏமாற்றுகிறார்கள்?

கண்டக்டர் ஐயா சொன்னது

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கைத்தொலைபேசி எங்கள் தோட்டத்தை எட்டிப்பாராத காலம். மழை கொட்டும் ஓர் இரவில் என் அக்காவுக்குப் பிரசவ வேதனை கண்டது. தோட்டத்து லொறி வெளியே போயிருந்தது. பட்டணத்துக்குப் போய் வான் ஒன்றை அழைத்து வர வேண்டும். இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் நான் பாய்ந்தேறினேன். அப்போது ஓய்வு பெற்ற கண்டக்டர் ஐயா குடையோடு வந்து கைப்பிடியைப் பற்றினார். முப்பது ஆண்டுகள் இரவும் பகலும் அம்மலைகளில் வண்டி ஓட்டியவர் அவர்.

“தம்பி, நீ போய்ச் சேர்ந்தாத்தான் வான் வரும். வழியில விழுந்துட்டா, இங்க ரெண்டு உசிரு காத்துக்கிட்டே கிடக்கும். வெளிச்சம் போற தூரத்துக்கு மேல வண்டி போகக்கூடாது” என்றார்.

நான் மேலே எழுதிய கணக்கெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது என்பதை அன்று அறியேன். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகவே போனேன். வேகத்தைக் கூட்டு, கூட்டு என்று மனம் அரற்றியது. நாலாவது மைலில் ஒரு வளைவு. அதைக் கடந்ததும் பாதையின் பாதியைச் சேறும் கல்லும் மூடியிருக்கக் கண்டேன். மலை சற்று முன்னர்தான் சரிந்திருந்தது. விளக்கொளியின் எல்லையில் வண்டி நின்றது. எனக்கும் பாறைக்கும் இடையே ஒரு பாய் விரிக்கும் இடமே மிச்சம். இறங்கி, பள்ளத்தின் பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தேன். அந்த இடத்தைச் சொல்லி எச்சரித்தே வானை அழைத்து வந்தேன். விடியற்காலையில் பதுளை ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது.

அக்குழந்தை இப்போது மீசை முளைத்த வாலிபன். கல்லூரிக்குப் போகிறான். “மாமா, எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்துத் தாங்க” என்று கேட்கிறான். அவன் தாயார் வேண்டாம் என்கிறாள். நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வண்டி விளையாட்டுப் பொருளன்று. படிப்புக்கும் வேலைக்கும் பாதை. நள்ளிரவில் மருந்துக்கு ஓடுவதும் அதுவே. ஆகவே வாங்கிக் கொடுப்பதாகவே முடிவு செய்திருக்கிறேன். அதற்கு முன்னே கண்டக்டர் ஐயாவின் வாக்கியத்தை அவனுக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டும்.

லயத்தில் இருக்கும் தாய்மாருக்குத் தம் பிள்ளையின் வண்டியோசை நன்கு தெரியும். எத்தனை வண்டிகள் மலையேறினாலும் அந்த ஓசை கேட்கும் வரை வாசல் விளக்கு அணையாது. இளைஞர்களே, இரவின் இன்பத்தை நன்றாக அனுபவியுங்கள். உங்கள் வண்டியின் விளக்கு முப்பது மீற்றர்தான் காட்டும். அதற்கு அப்பால் வீட்டு வாசலில் எரியும் அந்த இன்னொரு விளக்கையும் நினைவில் வைத்து ஓட்டுங்கள்.