இசைத்தட்டுக்கும் மருத்துவம்

பாட்டுப் பழுதாய்க் கேட்குமிடத்துத் தட்டைக் குறை கூறுவார் பலர். கருவியைச் சோதிப்பார் மிகச் சிலர். திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு இங்கும் பொருந்தும். பிணி யாது, அது எதனால் வந்தது, எவ்வழியால் தீரும் என்று முறையே தேர்ந்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் அயலூர்களிலும் கடல் கடந்து வாழும் உறவினர் இல்லாத வீடு அரிது. ரொறன்ரோவில் வாங்கிய பழைய இசைத்தட்டுக் கருவியொன்று இவ்வூருக்கு வருகின்றது என்று கொள்வோம். அங்கு மின்னழுத்தம் 120 வோல்ற்று, இங்கு 230. அழுத்தத்தைக் குறைக்கும் பெட்டியொன்றை இடையில் வைத்தால் குறை தீர்ந்தது என்றே எவரும் எண்ணுவர். தட்டும் சுழலும், பாட்டும் எழும். ஆயினும் பெண்குரல் ஆண்குரல் போற் கனக்கும். விரைந்த நடை தளரும்.

இதன் காரணம் யாது? மின்னோட்டம் அங்கு விநாடிக்கு 60 முறை அலைகின்றது. இங்கு 50 முறை. பழைய கருவிகள் பலவற்றின் மோட்டார் இவ்வலைவின் எண்ணிக்கைக்கு ஏற்பவே சுழலும். அழுத்தத்தை மாற்றும் பெட்டி அவ்வெண்ணிக்கையை மாற்றாது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல வேண்டிய தட்டு ஏறத்தாழ 28 முறையே சுழலும். வேகத்தில் ஆறிலொரு பங்கு குறையவே, ஐந்து கட்டைச் சுருதி மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். மோட்டார் அச்சிலுள்ள சிறு கப்பியை 50 அலைவுக்கு உரியதாக மாற்றினாற் பாட்டுத் தன் சுருதிக்கு மீளும்.

சுருதி ஒரே அளவில் இறங்காது அசைந்தசைந்து கேட்பின் இறப்பர்ப் பட்டியை நோக்குக. அது தளர்ந்திருத்தல் கூடும். இடையறாத உறுமல் கேட்பின் நிலத்தொடுப்புக் கம்பியைப் பார்க்க. ஒரு புறத்து ஒலி மட்டும் எழாவிடின், ஒலிபெருக்கிக்குச் செல்லும் இடக் கம்பியையும் வலக் கம்பியையும் மாற்றிச் செருகுக. ஊமைப்புறமும் உடன் மாறினாற் குற்றம் தட்டுக்கருவியினது, மாறாவிடின் ஒலிபெருக்கியினது. உப்புக்காற்று வீசும் குடாநாட்டில் ஊசித்தலையின் சிறு கம்பிகளிற் களிம்பேறுதல் இயல்பு. மின்தொடுப்பை நீக்கிய பின்னரே இவற்றைத் தொடுதல் வேண்டும்.

மாணாக்கர் மறவாதிருக்க வேண்டியது இன்னுமொன்று. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலந்து செய்தவை; 1948இல் வந்த நெடுந்தட்டு வினைலாலானது. நெடுந்தட்டின் நுண்ணூசியை அரக்குத்தட்டின் அகன்ற பள்ளத்தில் வைத்தால், அது அடியில் உரசி இரைச்சலையே எழுப்பும். அதற்கு ஏறத்தாழ மும்மடங்கு பருத்த ஊசி வேண்டும். அவ்விரைச்சலை அழுக்கின் விளைவென்று கருதித் தட்டை மதுசாரத்தால் துடைப்பாரும் உளர். அரக்கோ மதுசாரத்திற் கரைவது. அழுக்கைப் போக்கப் புகுந்து பாட்டையே போக்கிவிடுவர்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏட்டுச்சுவடிகளையும் இழந்தோம். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் ஊரே பெயர்ந்தபோது வீட்டுப் பொருளைக் காப்பார் இலர். இவற்றிற்குத் தப்பி எஞ்சிய தட்டுகள் அரியன. கப்பி தேய்ந்தால் வேறு கடைந்துகொள்ளலாம். ஊசி மழுங்கினால் வேறு வாங்கலாம். தட்டின் பள்ளத்தில் அழிந்த குரலை எக்கடையிலும் பெறுதல் இயலாது. ஆதலின் பழைய தட்டு வைத்திருப்போர், பழுதென்று அதனை எறியுமுன், உரிய ஊசியும் உரிய வேகமும் உடைய கருவியொன்றில் ஒருமுறை இட்டுக் கேட்பாராக.