மேகம் பார்த்து ஒரு பிழைப்பு

டில்லியில் மாலையில் பஸ் ஏறினால் மறுநாள் காலை ஹிமாசலப் பிரதேசத்தின் ஔட் என்ற சிற்றூரில் இறங்கலாம். பஸ் நேரே குலுவுக்கும் மணாலிக்கும் போய்விடும். இங்கே இறங்குகிறவர்கள் வேறொரு மலைப்பாதையில் திரும்பி, பஞ்சார் வழியாகத் தீர்த்தன் நதிக்கரைக்குச் செல்கிறார்கள். அவர்களில் சிலர் கையில் நீண்ட உறைக்குள் ஒரு கோல் இருக்கும். அது தூண்டில் கோல். தேடி வந்திருப்பது டிரௌட் மீன்.

டிரௌட் நம் நாட்டு மீன் அல்ல. பிரிட்டனிலிருந்து வந்த முட்டைகளைக் கொண்டு 1900-ல் காஷ்மீரில் முதலில் வளர்த்தார்கள். அங்கிருந்து 1909-ல் குலுவுக்கு வந்தது. நம் நீலகிரியிலும் அவலாஞ்சியில் 1907-லேயே இதற்கென ஒரு பண்ணை ஏற்பட்டது. ஆங்கிலேயர் போய்விட்டனர், மீன் தங்கிவிட்டது. அதை நம்பி இன்று பள்ளத்தாக்கில் சிலருக்குப் பிழைப்பும் இருக்கிறது. வெளியூர்க்காரர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று மீன் இருக்கும் இடம் காட்டும் வழிகாட்டிகள் அவர்கள்.

முள்ளில் ஒரு பூச்சி

இந்தத் தூண்டிலில் மண்புழு கிடையாது. தக்கையும் கிடையாது. முள்ளின்மேல் இறகும் ரோமமும் நூலும் சுற்றி, ஈயைப் போலவோ நீர்ப்பூச்சியைப் போலவோ செய்திருப்பார்கள். அதற்கு எடையே இல்லை. கனமான கயிற்றை முன்னும் பின்னும் வீசித்தான் அதை நீரில் விழச் செய்ய வேண்டும். டிரௌட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். மேலிருந்து மிதந்து வருவதை வாயில் பிடிக்கும். ஆகவே வழிகாட்டி விருந்தாளியை மீனுக்குப் பின்புறமாக, ஓசைப்படாமல் அழைத்துப் போவார். கரையில் மனித நிழல் விழுந்தால் போதும், மீன் பாறைக்கடியில் ஒளிந்துகொள்ளும்.

மீன்துறையின் உரிமச் சீட்டு இல்லாமல் தூண்டில் போட முடியாது. மார்ச் முதல் அக்டோபர் வரைதான் அனுமதி. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன் முட்டையிடும் காலம் என்பதால் தடை.

காலையில் ஒரு நதி, மாலையில் ஒரு நதி

எட்டு மாதம் என்று பெயரே தவிர, எட்டு மாதமும் வேலை இருப்பதில்லை. வசந்த காலத்தில் விடியற்காலை ஆறு கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். பிற்பகலில் நீர் உயர்ந்து கலங்கிவிடும். அதனால் வழிகாட்டி இருட்டோடு எழுந்து விருந்தாளியை எழுப்புவார். குளிர்காலத்தில் பனி குறைவாக விழுந்திருந்தால் மே, ஜூனில் நீர் மெலிந்து சூடேறும். நீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் டிரௌட் இரை எடுப்பது குறைந்துபோகும். லேசாக மேகம் மூடிய நாள்தான் யோக நாள். நிழல் விழாது, பூச்சிகள் பறக்கும், மீனுக்கும் துணிச்சல் வரும்.

ஜூலை, ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டால் ஆறு சேற்று நிறமாகிவிடும். முள்ளிலுள்ள பூச்சி மீனின் கண்ணுக்கே தெரியாது. அப்போது தேர்ந்த வழிகாட்டி பெரிய ஆற்றை விட்டுவிட்டு, குஷைனியில் தீர்த்தனோடு சேரும் பலாச்சன் ஓடைப் பக்கம் போய்ப் பார்ப்பார். சிற்றோடை பெரும்பாலும் முதலில் தெளிந்துவிடும்.

"ஆஜ் நஹீ, சாப்"

மீன் காட்டுவது பாதி வேலை. ஆற்றில் இறங்காதே என்று சொல்வது மறுபாதி. தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். மலைக்கு அப்பால் கொட்டித் தீர்த்திருக்கும். தெளிந்த நீர் திடீரென்று நிறம் மாறினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ, அடியில் கல் உருளும் சத்தம் கேட்டாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நீர் காரணமில்லாமல் குறைந்தால் அது இன்னும் மோசம். மேலே மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் கரையேற நேரமிருக்காது. 2023 ஜூலையில் குலு மாவட்டத்தில் பியாஸ் நதி பொங்கிச் சாலைகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. அதைக் கண்டவர்களுக்கு இது ஏட்டுப் பாடமல்ல.

ஆனால் விருந்தாளியோ பணம் செலவழித்து, லீவு போட்டு வந்தவர். இன்னும் ஒரே ஒரு வீச்சு என்று கெஞ்சுவார். "ஆஜ் நஹீ, சாப்" என்று கையைப் பிடித்துக் கரையேற்றினால், அவருக்கு மனக்கசப்பு. வழிகாட்டிக்கு அன்றைய கூலி போனாலும் போகும். மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் காசில்லை என்ற கணக்கு, நகரத்துக் கட்டட வேலைத் தளத்தில் நாள் கூலிக்கு நிற்பவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே 'வேண்டாம்' என்கிறவரைத்தான் ஊர் நல்ல வழிகாட்டி என்கிறது. அடுத்த ஆண்டும் விருந்தாளி தேடி வருவது அவரைத்தான்.

செப்டம்பர் பிறந்து மழை ஓய்ந்தால் நதி மறுபடி தெளியும். அந்தச் சில வாரங்களில்தான் விட்டுப்போன கூலியை ஈடுகட்ட வேண்டும். நவம்பரில் கோலைத் துடைத்து உள்ளே வைத்தாயிற்று என்றாலும் கண் மட்டும் மலை முகட்டை விட்டு அகலாது. இந்தக் குளிரில் அங்கே எவ்வளவு பனி விழுகிறதோ, அதுதான் அடுத்த ஆண்டின் நீர். வீட்டின் வருமானமும் அதுதான்.