தேயிலையோடு வந்த கவிதைப் புத்தகம்

 

அமெரிக்காவின் பழைய வரலாற்றை எடுத்தால் ‘பாஸ்டன் தேநீர் விருந்து’ என்று ஒன்று கட்டாயம் வரும். பேரைக் கேட்டா கல்யாண வீட்டு விருந்து மாதிரி இருக்கும். ஆனா அங்க ஒருத்தரும் ஒரு வாய் டீ குடிக்கலை. 1773 டிசம்பர் 16 ராத்திரி, பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களில் ஏறி, 342 பெட்டித் தேயிலையை உடைத்துக் கடலில் கொட்டிவிட்டார்கள். கிட்டத்தட்ட 42 டன். அந்தக் கப்பல்களில் முதலில் வந்து சேர்ந்ததன் பெயர் டார்ட்மவுத். நான் சொல்லப்போவது அந்தக் கப்பலைப் பற்றித்தான்.

அதற்கு முன்னாடி ஒரு கேள்வி. ஏன் கொட்டினார்கள்? ‘ஆங்கிலேயர் வரி போட்டதால்’ என்று பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் அந்த வரி புதுசு இல்லை. 1767லேயே போட்டது. ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு மூன்று பென்ஸ். 1773இல் வந்த தேயிலைச் சட்டம் உண்மையில் டீயின் விலையைக் குறைக்கத்தான் செய்தது! விலை குறைஞ்சா நாம சந்தோஷம்தானே படுவோம்?

விஷயம் இதுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை லண்டன் கிடங்குகளில் விற்காமல் மலைபோல் தேங்கிக் கிடந்தது. கம்பெனி கடனில் தத்தளித்தது. (நமக்குத் தெரிந்த கம்பெனிதான். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டின அதே கம்பெனி. தேயிலை மட்டும் நம்ம ஊர்த் தேயிலை இல்லை, சீனாவில் வாங்கினது. அப்போ நீலகிரியில் தேயிலைத் தோட்டமே கிடையாது.) அதுவரை கம்பெனி லண்டனில் ஏலம் விடும், வியாபாரிகள் அதை எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். புதுச் சட்டம் நடுவில் இருந்தவர்களை நீக்கிவிட்டு, கம்பெனியே தன் ஆட்களை வைத்து நேராக விற்கலாம் என்றது. அதனால் விலை குறையும். ஆனால் அந்த மூன்று பென்ஸ் வரி மட்டும் போகாது. மலிவா கிடைக்குதேன்னு ஜனங்க வாங்கிட்டா, வரியையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிடும். லண்டன் பாராளுமன்றத்தில் எங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை, எங்களைக் கேட்காமல் எப்படி வரி போடலாம் என்பதுதான் அவர்கள் சண்டை. உள்ளூர் வியாபாரிகளுக்கும், திருட்டுத்தனமாக டச்சுக்காரர்களின் டீயைக் கொண்டுவந்து விற்றவர்களுக்கும் பிழைப்பு போகும் என்ற கோபம் வேறு.

இந்தச் சண்டையில் அவர்கள் அடிக்கடி சொன்ன வார்த்தை ‘அடிமை’. இப்படியே விட்டா நம்மை அடிமை ஆக்கிவிடுவார்கள் என்று பேசினார்கள், எழுதினார்கள். அதே பாஸ்டனில் நிஜமான அடிமைகள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து, விலை போட்டு விற்ற மனிதர்கள்.

அவர்களில் ஒரு சின்னப் பெண்ணை 1761இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். வயது யாருக்கும் தெரியாது. முன்பல் விழுந்திருந்ததை வைத்து ஏழெட்டு வயசு இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஜான் வீட்லி என்பவர் தன் மனைவிக்கு வேலை செய்ய வாங்கினார். அவளைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் பில்லிஸ். அதையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். பில்லிஸ் வீட்லி. முன்பாதி கப்பல் பெயர், பின்பாதி எஜமான் பெயர். அவங்க அம்மா அப்பா வெச்ச பேரு என்னன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அந்த வீட்டு மகள் மேரி அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். பதினாறு மாதத்தில் பைபிளின் கஷ்டமான பகுதிகளைக்கூடப் படித்தாள் என்று எஜமானரே எழுதி வைத்திருக்கிறார். பிறகு லத்தீனும் கற்றாள். 1767இல் அவளுடைய கவிதை ஒரு செய்தித்தாளில் அச்சானது. அப்போது அவளுக்குப் பதிமூன்று, பதினாலு வயசுதான் இருக்கும். நம்ம வயசு!

1772இல் கவிதைகளைப் புத்தகமாகப் போடலாம் என்று பாஸ்டனில் முன்பணம் கேட்டு விளம்பரம் செய்தார்கள். போதுமான ஆள் சேரவில்லை. ஓர் அடிமைப் பெண் இதையெல்லாம் எழுதியிருப்பாளா என்று சந்தேகம். அதனால் ஊர்ப் பெரிய மனிதர்கள் 18 பேர் ‘இவள்தான் எழுதினாள் என்று நம்புகிறோம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். யோசிச்சுப் பாருங்க, ஒரு பொண்ணு எழுதினதை நம்புறதுக்குப் பதினெட்டு ஆம்பளைங்க கையெழுத்து வேணும்! அதில் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் இருந்தார். ஜான் ஹான்காக் என்ற பணக்கார வியாபாரியும் இருந்தார். அடுத்த வருடமே தேயிலை விஷயத்தில் இந்த இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி.

கடைசியில் 1773இல் புத்தகம் லண்டனில் அச்சானது. அந்த வருடம் பில்லிஸும் லண்டனுக்குப் போய்விட்டு வந்தாள். திரும்பி வந்த கொஞ்ச நாளில் அவளை விடுதலை செய்துவிட்டார்கள். இனி சொந்தக் காலில் நிற்க வேண்டும். புத்தகம் விற்கிற பணத்தில் பாதி அவளுக்கு. அந்த அக்டோபரில் ஒரு தெரிந்தவருக்குக் கடிதம் எழுதி, புத்தகம் விற்க உதவுங்கள், யாரும் திருட்டுத்தனமாக அச்சடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். என்ன கெட்டிக்காரத்தனம்!

அந்தப் புத்தகக் கட்டுகள் லண்டனிலிருந்து வந்த கப்பல்தான் டார்ட்மவுத். நவம்பர் 28ஆம் தேதி பாஸ்டன் வந்தது. உள்ளே தேயிலைப் பெட்டிகள், கூடவே பில்லிஸின் கவிதைகள்.

சட்டப்படி 20 நாளுக்குள் வரி கட்டிச் சரக்கை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்யலாம். ஊர்க்காரர்கள் மற்ற சரக்கை இறக்க விட்டார்கள், தேயிலையைத் தொடவிடவில்லை. அப்படியே திருப்பி அனுப்பு என்றார்கள். ஆளுநர் ஹட்சின்சன் வரி கட்டாமல் கப்பல் போகக் கூடாது என்றார். அவருடைய இரண்டு மகன்கள் அந்தத் தேயிலைக்கு ஏஜென்ட்! கெடு முடியுறதுக்கு முந்தின நாள் ஓல்டு சவுத் என்ற தேவாலயக் கட்டடத்தில் ஐயாயிரம் பேர் வரை கூடினார்கள். பில்லிஸ் ஞானஸ்நானம் பெற்ற சபையின் கட்டடம் அது. அங்கிருந்து கிளம்பித்தான் கப்பலில் ஏறினார்கள். அடையாளம் தெரியாமலிருக்க மோஹாக் என்னும் பூர்வகுடி மக்களைப் போலச் சிலர் வேஷம் போட்டார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் வேஷத்தைப் பறித்தவர்கள் போட்டுக்கொண்டது எனக்குப் பிடிக்கவேயில்லை.

தேயிலை கடலுக்குப் போச்சு. புத்தகம் கரைக்கு வந்துவிட்டது. மூணு மாசம் கூட ஆகலை, 1774 பிப்ரவரியில் பில்லிஸ் ஒரு கடிதம் எழுதினாள். சாம்சன் ஆக்கம் என்ற பூர்வகுடிப் போதகருக்கு எழுதினது. சுதந்திர ஆசை எல்லா மனிதர் நெஞ்சிலும் கடவுள் வைத்தது, விடுதலை விடுதலை என்று கத்திக்கொண்டே மற்றவர்களை அடக்கி வைப்பது எப்படிப் பொருந்தும் என்பது அதன் கருத்து. செய்தித்தாள்களில் அது வெளியானது. 1776இல் எல்லா மனிதரும் சமம் என்று சுதந்திரப் பிரகடனம் எழுதிய தாமஸ் ஜெபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தவர். அவர் பில்லிஸைக் கவிஞர் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் பரவாயில்லை. தன்னைப் பற்றி அவள் எழுதின கவிதைக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டார். ஆனால் அவர் பண்ணையிலும் அடிமைகள்தான் வேலை செய்தார்கள். அமெரிக்கா முழுவதும் அடிமை முறையைச் சட்டம் ஒழித்தது 1865இல்தான்.

அதெல்லாம் பார்க்க பில்லிஸ் இல்லை. 1778இல் ஜான் பீட்டர்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். போர்க்காலம், வறுமை. 1779இல் இரண்டாவது புத்தகத்துக்கு விளம்பரம் கொடுத்தாள். 33 கவிதைகள், 13 கடிதங்கள். மறுபடியும் போதுமான ஆள் சேரவில்லை. 1784 டிசம்பரில் இறந்துபோனாள். முப்பத்தொரு வயசு இருக்கலாம். அடுத்த வருடம் அவள் கணவர் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு போட்டார். பில்லிஸின் கையெழுத்துப் பிரதியை இரவல் வாங்கிப் போனவர் தயவுசெய்து திருப்பித் தர வேண்டும் என்று. சில கவிதைகள் தனித்தனியாக வேறு இடங்களில் கிடைத்திருக்கின்றன. அந்த நோட்டு இன்னும் கிடைக்கவில்லை.