பாம்பனில் காத்திருக்கத் தெரிந்தவர்தான் தண்டல்!

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசம், நெல்லை, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று வயலுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துவிட்டு, புன்னக்காயலில் கடலோடு கலக்கிறது தாமிரபரணி. அந்த முகத்துவாரத்தில் ஆற்றுத்தண்ணீர் வேகமாக வெளியே போகும்போது, எதிரே கடல்காற்று வீசினால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். வெளியே கடல் ஓரளவு அமைதியாக இருந்தாலும், வாசலில் மட்டும் பானையில் உலை கொதிப்பதுபோல இருக்கும். படகுக்காரர்களுக்கு அது பழகிய காட்சி. ஓடும் நீரும் எதிர்க்காற்றும் சந்திக்கிற இடத்தில் அவசரப்படக் கூடாது என்பது கடற்கரையில் வளரும் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும்.

இதே கொதிப்பு, ஆற்றின் வாசலில் இல்லாமல் நடுக்கடலில், பல மடங்கு பெரிதாக வந்தால்?

பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய. அங்கே பாய்மரப் படகு ஓட்டுபவர்கள் புயலுக்குப் பயப்படும் அளவுக்கு இந்த நீரோட்டங்களுக்கும் பயப்படுகிறார்கள். காரணம், அங்குள்ள ஓதம். தூத்துக்குடியில் கடல்மட்டம் ஏறி இறங்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயிலோ அது சில நாட்களில் 14 மீட்டர் வரை போகும். நாலு மாடிக் கட்டடத்தின் உயரம்! இவ்வளவு தண்ணீரும் சுமார் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போக வேண்டும். குறுகிய நீரிணை, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை, அடியில் பாறைமேடு என ஏதாவது குறுக்கே வந்தால் தண்ணீர் பாய்ந்தோடும். ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள பெண்ட்லண்ட் நீரிணையில் இந்த வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டும். சாதாரணப் பாய்மரப் படகு நல்ல காற்றில் போவதே மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். எதிர்த்துப் போனால் முன்னால் போவதாக நினைத்துக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருப்பார்கள்.

நாவலாசிரியர் தப்பிய கதை

1947 ஆகஸ்ட். '1984' நாவலை எழுதிக்கொண்டிருந்த ஜார்ஜ் ஆர்வெல், ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் தங்கியிருந்தார். மூன்று வயது மகனையும், அக்கா பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சின்ன மோட்டார் படகில் வெளியே போய்விட்டுத் திரும்பினார். வழியில் காரிவ்ரெக்கன் என்ற பெரிய நீர்ச்சுழல். அது அடங்கும் நேரத்தில் கடந்துவிடலாம் என்பது கணக்கு. ஓத அட்டவணையைத் தவறாகப் படித்துவிட்டார். சுழலில் மாட்டிய படகிலிருந்து மோட்டார் பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போனது. அக்கா மகன் துடுப்புப் போட்டு ஒரு பாறைத்தீவுக்குக் கொண்டுசேர்க்க, இறங்கும் நேரத்தில் படகு கவிழ்ந்தது. குழந்தையைத் தண்ணீருக்குள்ளிருந்து இழுத்தெடுத்தார் ஆர்வெல். சில மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் வந்த மீனவர்கள்தான் அவர்களைக் காப்பாற்றினார்கள். அட்டவணையைப் படிப்பதில் நேர்ந்த பிழைக்கு ஒரு குடும்பமே போயிருக்கும்!

நம் ஊர் நீரிணை

நம் பக்கம் இதற்கு நெருங்கிய இடம் பாம்பன். வடக்கே பாக் நீரிணைக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடலுக்கும் நடுவே ராமேஸ்வரம் தீவும், அதற்கப்பால் ராமர் பாலத்தின் மணல்திட்டுகளும் தடுப்புச்சுவர் மாதிரி கிடக்கின்றன. அந்தச் சுவரில் இருக்கும் சந்துதான் பாம்பன் கால்வாய். ஆங்கிலேயர் காலத்தில் பாறைகளை உடைத்து அதை ஆழப்படுத்தினார்கள். அப்படியும் பெரிய கப்பல்களுக்கு ஆழம் போதாது. அவை இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன.

ஓதம் சிறியது என்றால் இங்கே நீரோட்டம் ஏன் இவ்வளவு வேகம்? காற்றுதான் காரணம். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாத் தண்ணீர் வடக்கே தள்ளப்படுகிறது. வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைத் தண்ணீர் தெற்கே பாய்கிறது. பிரிட்டனில் ஆறு மணிக்கொரு முறை திரும்பும் நீர், இங்கே பருவத்துக்குப் பருவம் திரும்புகிறது. அதற்குமேல் அன்றாட ஓதமும் சேர்ந்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும்.

மீனவர்கள் நீரோட்டத்தை 'நீவாடு' என்பார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாநீவாடு, தெற்கிலிருந்து வந்தால் சோநீவாடு. வாடைக்காற்று, சோழகக்காற்று என்று காற்றுக்கு வைத்த பெயரையே நீருக்கும் வைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் விளக்குவதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்!

தூத்துக்குடித் தோணிகளுக்கு இந்தச் சந்து முக்கியமானது. 1986 வரை தூத்துக்குடி, நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது. தாமிரபரணிக் கரையின் சரக்குக்கு அதுதான் கடல்வாசல். கொழும்புக்குப் போகும் தோணி நேரே தென்கிழக்கில் போய்விடும். நாகப்பட்டினத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டுமென்றால் பாம்பன்தான் சுருக்கு வழி. எஞ்சின் வராத காலத்தில் பாயை மட்டும் நம்பி அதைக் கடக்க வேண்டும். தோணியை நடத்திச் செல்பவரின் பெயர் தண்டல். தோணியும் சரக்கும் ஆட்களின் உயிரும் அவர் கணிப்பில்தான் இருந்தன. நெல்லை மாவட்டம் உவரியில் பிறந்த ஜோ டி குருஸ், இந்தத் தோணி உலகத்தைத்தான் 'கொற்கை' நாவலாக எழுதினார். 2013-ல் அதற்குச் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

நீரோட்டத்தோடு சேர்ந்து போனால் சுலபம்தானே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. படகைச் சுற்றியுள்ள தண்ணீர் படகைவிட மெதுவாகவோ வேகமாகவோ ஓடினால்தான் சுக்கான் வேலை செய்யும். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் சுக்கானைத் திருப்பினாலும் படகு திரும்பாது. ஹேண்டில்பார் பூட்டிய சைக்கிளில் சரிவில் இறங்குவது மாதிரிதான். எதிரே பாலத்தின் தூண் இருந்தால் நேரே அதில்தான்.

நடந்தும் இருக்கிறது. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், 2013 ஜனவரி 13 அன்று கடற்படைக்கான பார்ஜ் ஒன்று மோதியது. நல்லவேளை, சிறிய சேதத்தோடு போயிற்று. பிரிட்டனின் மெனாய் நீரிணை அச்சு அசல் பாம்பன் மாதிரி: ஒரு பக்கம் வேல்ஸ், மறுபக்கம் ஆங்கிள்ஸி தீவு, நடுவில் குறுகிய கடல், மேலே பாலம். 1953 ஏப்ரல் 14 அன்று 'கான்வே' என்ற பழைய மரக்கப்பலை இரண்டு இழுவைப்படகுகள் அந்த வழியாக இழுத்துச் சென்றன. கப்பல்துறை மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்த கப்பல் அது. எதிர்பார்த்ததைவிட நீரோட்டம் வலுவாக இருந்தது. கப்பல் பாலத்துக்குப் பக்கத்தில் கரைதட்டியது, நீர் வடிந்தபோது முதுகு முறிந்தது. மாலுமிகளை உருவாக்கிய கப்பலுக்கே அந்த முடிவு.

அதனால்தான் எந்த நாட்டிலும் இந்த இடங்களைக் கடக்க ஒரே வழி, நிற்பது. நீர் ஒரு பக்கம் ஓடி முடித்து, மறுபக்கம் திரும்புவதற்கு முன் சிறிது நேரம் அசையாமல் நிற்கும். மெனாயில் படகுக்காரர்கள் அந்தச் சில நிமிடங்களுக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். பாம்பனில் பாய்த்தோணிகள் நங்கூரம் போட்டு, காற்றும் நீவாடும் ஒத்துவரும்வரை கிடந்தன. சரக்குக்காரர் கரையில் கத்தினாலும் தண்டல் அசைய முடியாது.

இப்போது பாயின் இடத்தில் எஞ்சின் வந்துவிட்டது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்கின்றன. காற்றையும் அலையையும் நீரோட்டத்தையும் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்கிறது. நல்ல வசதிதான். ஆனால், அந்தந்தத் தூணுக்கு அருகில் நீர் எப்படித் திரும்பும் என்ற நுணுக்கம் இன்னும் அங்கே தொழில் பார்ப்பவர்களிடம்தான் இருக்கிறது. பாயில் ஓட்டிப் பழகிய தண்டல்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் கணக்கைக் கேட்டு எழுதிவைக்க இதுதான் கடைசி வாய்ப்பு.

பாம்பனில் 2025 ஏப்ரல் 6 அன்று புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் ஆட்கள் கையால் சுற்றித் திறந்த இடத்தில், இப்போது 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மோட்டாரில் 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக மேலே போகிறது. கீழே கடக்க வேண்டிய கப்பல்களும் விசைப்படகுகளும் அனுமதி வாங்கிக்கொண்டு, நங்கூரம் போட்டு, வரிசையில் நிற்கின்றன.